410-ஓடு நின்றுவிடாதீர்கள்: பல்கலைக்கழக நூலகத்தில் மொழியியல் நூல்களைத் தேடுவது எப்படி

“எங்கள் நூலகத்தில் மொழியியல் நூல்களே கிடையாது” என்று சொல்பவர்களை அடிக்கடிப் பார்க்கிறேன். என்ன செய்தீர்கள் என்று விசாரித்தால் கதை ஒன்றுதான். உள்ளே போயிருப்பார்கள். “மொழியியல்” என்று பலகை மாட்டிய அலமாரியைக் கண்டுபிடித்து, அங்கிருந்த நாலைந்து தட்டுகளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தேடியது இல்லை என்று திரும்பியிருப்பார்கள். அவர்கள் தேடிய புத்தகம் பெரும்பாலும் அதே கட்டடத்தில், இன்னொரு மாடியில், மருத்துவ நூல்களுக்கோ கணினி நூல்களுக்கோ நடுவில் உட்கார்ந்திருக்கும்.

வாசகரைக் குறை சொல்லவும் முடியாது. பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் வாரத்தில் நூலகத்தை ஒரு சுற்று சுற்றிக் காட்டுவார்கள். அட்டையை எங்கே காட்ட வேண்டும், நகல் எடுக்கும் இயந்திரம் எங்கே, எத்தனை நாளில் புத்தகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதோடு அது முடிந்துவிடும். புத்தகங்கள் ஏன் அந்த வரிசையில் நிற்கின்றன என்று யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். மொழியியலை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அலமாரிகளில் இவ்வளவு சிதறிக் கிடக்கிற துறைகள் குறைவு.

முதலில், எதைத் தேடுகிறோம்?

மொழியியல் படிக்கிறேன் என்று சொன்னதும் வரும் முதல் கேள்வி, “அப்படியா, எத்தனை மொழி தெரியும்?” என்பதுதான். நீச்சல் பயிற்சியாளரையும் நீரின் வேதியியலைப் படிப்பவரையும் ஒன்றாகக் குழப்புவது போன்றது இது. ஒரு மொழியைப் பேசக் கற்பது ஒரு வேலை. மொழி என்பது எப்படி இயங்குகிறது, ஒலிகள் எப்படிச் சொல்லாகின்றன, சொற்கள் எப்படித் தொடராகின்றன, குழந்தை எப்படி மொழியைப் பிடித்துக்கொள்கிறது என்று ஆராய்வது வேறு வேலை. இந்த இரண்டாவதுதான் மொழியியல்.

அதன் உட்பிரிவுகளில் சில, பள்ளி இலக்கண வகுப்பின் தூரத்துச் சொந்தங்கள். ஒலிகளின் அமைப்பைப் பார்ப்பது ஒலியனியல். சொல்லைப் பகுதி, விகுதி என்று பிரித்துப் பார்ப்பதன் விரிவு உருபனியல். வாக்கிய அமைப்பைப் பார்ப்பது தொடரியல். பொருளைப் பார்ப்பது பொருண்மையியல். இவற்றுக்கு அப்பால் சமூகமொழியியல், உளமொழியியல், கணினி மொழியியல் என்று பக்கத்துத் துறைகளோடு கைகோத்த கிளைகள் பல உண்டு. இந்தக் கைகோப்பில்தான் தேடுபவருக்குச் சிக்கல் தொடங்குகிறது.

ஒரு படம், ஒரே ஆல்பம்

உங்களிடம் அச்சிட்ட புகைப்படங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. இரண்டு ஆல்பங்கள் வைத்திருக்கிறீர்கள்: ஒன்று “குடும்பம்”, இன்னொன்று “பயணம்”. குடும்பத்தோடு பயணம் போனபோது எடுத்த படத்தை எதில் ஒட்டுவீர்கள்? ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது. ஏதாவது ஒன்றில் ஒட்டித்தான் ஆக வேண்டும். எதில் ஒட்டினாலும் மற்ற ஆல்பத்தைப் புரட்டுபவருக்கு அந்தப் படம் இல்லாததாகவே தோன்றும்.

நூலகரின் நிலையும் இதுதான். “மூளைப் பாதிப்புக்குப் பிறகு பேச்சு எப்படிச் சிதைகிறது” என்று ஒரு நூல் வருகிறது. அது மொழியியலா, மருத்துவமா? இரண்டும்தான். ஆனால் காகிதப் புத்தகம் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நிற்காது. நூலகர் ஒரு முடிவெடுக்கிறார், பெரும்பாலும் மருத்துவம் என்று. மொழியியல் அலமாரியில் அது கடைசிவரை தென்படாது.

அந்த நூல் எந்தப் பொருளைச் சேர்ந்தது என்று முடிவு செய்து, அதற்கு ஒரு குறியீடு கொடுக்கும் முறைக்குப் பெயர் வகைப்பாடு. வகைப்பாடு அலமாரியை ஆள்கிறது. அலமாரியில் ஒரு நூலுக்கு ஒரே இடம். இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் மீதி எளிது.

முதுகில் ஒட்டிய சீட்டு

புத்தகத்தின் முதுகில், அதாவது அடுக்கி வைக்கும்போது நம்மைப் பார்த்து நிற்கும் குறுகிய பக்கத்தில், ஒரு சிறு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் உள்ள எண்ணும் எழுத்தும் சேர்ந்ததுதான் அழைப்பு எண். நூலக ஊழியர்கள் பெரும்பாலும் கால் நம்பர் என்றே சொல்வார்கள். அது அந்தப் புத்தகத்தின் முகவரி. ஊர், தெரு, கதவு எண் என்று முகவரி பெரியதிலிருந்து சிறியதற்குப் போவதுபோல, அழைப்பு எண்ணும் முதலில் துறையைச் சொல்லி, பிறகு உட்பிரிவைச் சொல்லி, கடைசியில் அந்த ஒரு நூலை மட்டும் சுட்டும்.

சீட்டு மூன்று இலக்க எண்ணில் தொடங்கினால் அது பெரும்பாலும் டூயி தசம வகைப்பாடு. அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி 1876-இல் 44 பக்கச் சிறு நூலாக வெளியிட்டது. எல்லா அறிவையும் 000 முதல் 999 வரை பத்துப் பெரிய வகுப்புகளாகப் பிரிக்கிறது. சீட்டு ஆங்கில எழுத்தில் தொடங்கினால் அநேகமாக லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் வகைப்பாடு. அமெரிக்காவின் அந்த நூலகம் தன் சொந்தத் தேவைக்காக உருவாக்கியது, பிறகு உலகின் பல பெரிய பல்கலைக்கழகங்கள் எடுத்துக்கொண்டன. இவை தவிர, இந்திய நூலகவியலாளர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட கோலன் வகைப்பாடும், யுடிசி எனப்படும் பொதுத் தசம வகைப்பாடும் சில நூலகங்களில் உண்டு. யுடிசியில் மொழியியல் 81 என்ற எண்ணின்கீழ் வருகிறது. இந்த இரண்டையும் இதோடு விட்டுவிடுகிறேன். முதல் இரண்டும் புரிந்தால் இவற்றைப் பார்த்ததும் வழி தெரிந்துவிடும்.

இப்போது ஆட்கள் வழக்கமாக வழுக்கி விழும் இடம். 410.19 என்ற எண்ணும் 410.2 என்ற எண்ணும் இருந்தால் அலமாரியில் எது முதலில் வரும்? பலர் “பத்தொன்பது, இரண்டு... அப்படியானால் இரண்டுதான் முதலில்” என்று போவார்கள். தவறு. புள்ளிக்குப் பின்னால் வருவது தசமம். 1.65 மீட்டர் உயரமுள்ளவர் 1.7 மீட்டர் உயரமுள்ளவரைவிடக் குட்டைதானே? அதேபோல் 410.19 முதலில், 410.2 பிறகு.

காங்கிரஸ் முறையில் இது இன்னும் கொஞ்சம் விஷமம் செய்யும். தொடரியல் நூல் ஒன்றின் சீட்டு இப்படி இருக்கலாம்:

பி 291
.சி45
2010

முதல் வரியில் உள்ள 291 முழு எண். ஆகவே பி 37-க்குப் பிறகு பி 118, அதற்குப் பிறகு பி 291 என்று சாதாரணமாக எண்ணிக்கொண்டே போகலாம். இரண்டாம் வரி பெரும்பாலும் ஆசிரியர் பெயரைக் குறியீடாக்கியது. அதிலுள்ள 45 தசமம். எனவே .சி45 வந்த பிறகுதான் .சி5 வரும். கடைசி வரி நூல் வெளியான ஆண்டு. ஒரே சீட்டில் ஒரு வரி முழு எண், அடுத்த வரி தசமம். யாருக்குத்தான் குழம்பாது?

நான் மாணவனாக இருந்தபோது .சி45 என்ற நூலை .சி5, .சி6, .சி8 எல்லாம் தாண்டி, அடுத்த தட்டில், அதற்கடுத்த தட்டில் தேடினேன். முக்கால் மணி நேரம். பட்டியல் “உள்ளது” என்கிறது, அலமாரியில் இல்லை, யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு கவுன்டரில் போய் முறையிட்டேன். உதவியாளர் எழுந்து வந்து, நான் தேடத் தொடங்கிய இடத்துக்கு ஒரு சாண் இடப்பக்கம் கை நீட்டி எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. அது இன்னும் வலித்தது.

சுருக்கமாக: எண்ணில் தொடங்கினால் பெரும்பாலும் டூயி, எழுத்தில் தொடங்கினால் பெரும்பாலும் காங்கிரஸ். டூயியில் புள்ளிக்குப் பின்னால் தசமம். காங்கிரஸில் முதல் எண் முழு எண், ஆசிரியர் குறியீடு தசமம்.

400 என்ற தெரு

டூயி முறையில் மொழி என்ற பெருவகுப்பு 400 முதல் 499 வரை. இதற்குள் பொதுவான மொழியியல் 410-இல் இருக்கிறது. எழுத்து முறைகள் 411, ஒலியனியலும் ஒலியியலும் 414, இலக்கணம் 415, கிளைமொழிகளும் வரலாற்று மொழியியலும் 417, சைகை மொழிகள் 419. பொருண்மையியலைத் தேடி 410-க்கு மேலே போகாதீர்கள். அது கீழே, 401.43-இல் இருக்கிறது. குழந்தை மொழியைப் பெறும் விதம் பற்றிய நூல்கள் 401.93. “மொழியியல்” என்ற பலகை 410-இல் தொடங்கினால், இந்த இரண்டும் பலகைக்கு முந்தைய அலமாரியில் அநாதையாக நிற்கும்.

420-இலிருந்து தனித்தனி மொழிகள் தொடங்குகின்றன. ஆங்கிலம் 420, ஜெர்மன் 430, பிரெஞ்சு 440, இத்தாலியம் 450, ஸ்பானிஷ் 460, லத்தீன் 470, கிரேக்கம் 480. அப்புறம் 490. மிச்சமுள்ள உலகம் முழுவதும் அந்த ஒரே பத்துக்குள். சமஸ்கிருதம் 491.2, அரபு 492.7, சீனம் 495.1, சுவாஹிலி 496.392. தமிழ் 494.811. ஐரோப்பாவிலேயே பேசப்படும் பாஸ்க் மொழிக்கு 499.92. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கர் ஒருவருக்கு எந்த மொழிகள் முக்கியமாகப் பட்டன என்பது இந்த வரிசையில் பச்சையாகத் தெரிகிறது. இதைக் குறைசொல்லிப் பலர் எழுதியிருக்கிறார்கள், சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். தேடுபவருக்கு இதன் நடைமுறை விளைவு ஒன்றுதான்: ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள மொழிகளின் எண்கள் நீளமாக இருக்கும், புள்ளிக்குப் பின்னால் நிறைய இலக்கங்கள் வரும். தசம வரிசையைச் சரியாகப் பிடிக்காவிட்டால் அங்கே தொலைந்துபோவீர்கள்.

ஆனால் இந்த முறைக்குள் ஒரு அழகும் இருக்கிறது. ஐந்து என்றால் இலக்கணம் என்று 415-இல் பார்த்தோம். ஆங்கில இலக்கணம் 425. ஜெர்மன் இலக்கணம் 435. பிரெஞ்சு 445. அதேபோல் மூன்று என்றால் அகராதி: ஆங்கில அகராதி 423, பிரெஞ்சு அகராதி 443. இப்போது தமிழ் இலக்கணத்துக்கு எண் என்னவாக இருக்கும் என்று நீங்களே சொல்லலாம். தமிழ் 494.811, அதன் வாலில் ஒரு 5. ஆக 494.8115. தமிழ் அகராதி 494.8113. எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டாம், கட்டிக்கொள்ளலாம். எனக்கு இது புரிந்த அன்று அலமாரிகளின் ஊடே நடந்து எண்களைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. டூயி முறையில் மொழிக்கும் இலக்கியத்துக்கும் நடுவே நெடுந்தூரம். தமிழ் மொழி 494.811 என்றால் தமிழ் இலக்கியம் 894.811. ஒரு செய்யுளின் மொழிநடையை ஆராயும் நூல் இந்த இரண்டில் எதில் வேண்டுமானாலும் இருக்கலாம்.

காங்கிரஸ் முறையில் மொழியும் இலக்கியமும் ஒரே எழுத்தின்கீழ் வருகின்றன: பி. தமிழில் எழுதும்போது ஒரு வம்பு உண்டு. நான் சொல்லும் பி, ‘பேப்பர்’ என்ற சொல்லின் முதலெழுத்து. ‘புக்’ என்ற சொல்லின் முதலெழுத்தான இன்னொரு பி தத்துவத்துக்கும் உளவியலுக்கும் சமயத்துக்கும் போய்விட்டது. பேப்பர் பி-யின் தொடக்கத்தில் பொது மொழியியல் இருக்கிறது. உளமொழியியல் 37, சமூகமொழியியல் 40, கணினி மொழியியல் 98, குழந்தை மொழி 118, ஒலியனியல் 217, தொடரியல் 291, பொருண்மையியல் 325. அதற்குப் பின் இரண்டு எழுத்துகளாகத் தனி மொழிகள். ஆங்கிலம் பிஇ. தமிழ் பிஎல் என்ற பெரிய கூட்டத்துக்குள் 4751-இல் தொடங்குகிறது, தமிழ் இலக்கியமும் அதே இடத்தில் ஒட்டிக்கொண்டே வருகிறது. செய்யுள் நடை பற்றிய நூலைத் தேடி இரண்டு மாடி ஏற வேண்டியதில்லை.

வேறு தெருவில் குடியிருக்கும் சொந்தங்கள்

மேலே சொன்ன எண்களோடு நின்றால் மொழியியலின் உடம்பு கிடைக்கும், கைகால்கள் கிடைக்காது.

சமூகத்தில் மொழி எப்படிப் புழங்குகிறது என்று ஆராயும் நூல்கள் டூயியில் 306.44, அதாவது சமூகவியலின் நடுவே. சாதி, வர்க்கம், பாலினம், இருமொழியம் என்று எழுதப்பட்டவற்றில் கணிசமான பகுதி அங்கேதான். இயல்மொழிச் செயலாக்கம், அதாவது கணினிக்கு மனித மொழியைப் புரியவைக்கும் துறை, 006.35-இல் இருக்கிறது. நூலகத்தின் முதல் அலமாரி அது. 410-இலிருந்து அங்கே போவதற்குள் கால் வலித்துவிடும். பேச்சுக் குறைபாடுகள் 616.855, மருத்துவத்துக்குள். பேச்சுறுப்புகள் உடலில் எப்படி வேலை செய்கின்றன என்பது 612.78.

காங்கிரஸ் முறையில் சிதறல் வேறு மாதிரி. மூளையும் மொழியும் பற்றிய நூல்கள் உடலியங்கியலுக்குள் கியூபி 399-இல் நிற்கும். கணினி மொழியியல் பி 98-லும் இருக்கும், கணினி அறிவியலுக்கான கியூஏ 76-லும் இருக்கும். எந்த நூல் எங்கே என்பது அதை வகைப்படுத்தியவர் பார்த்த கோணம். எனக்கு மிகவும் உறுத்துவது சைகை மொழி. டூயி அதை மொழிகளோடு 419-இல் வைக்கிறது. காங்கிரஸ் முறையிலோ எச்வி 2474-இல், சமூக நலப் பிரச்சினைகளுக்கான பகுதியில், காதுகேளாதோருக்கான சேவைகளோடு வைத்திருக்கிறார்கள். சைகை மொழிகளுக்கும் பேச்சு மொழிகளைப் போலவே முழுமையான இலக்கணம் உண்டு என்பதை மொழியியலாளர்கள் 1960-களிலிருந்து எழுதி வருகிறார்கள். எண் மட்டும் அங்கேயே இருக்கிறது. சைகை மொழியின் தொடரியலைப் படிக்க வந்தவர் பி 291-இல் நின்று தேடினால் கிடைக்குமா?

பழைய நூல், புதிய நூல் என்ற சிக்கலும் உண்டு. டூயி வகைப்பாடு பதிப்புக்குப் பதிப்பு திருத்தப்படுகிறது. அச்சில் வந்த 23ஆம் பதிப்பு 2011-இல் வெளியானது. ஒரு பொருளுக்கு எண் மாறும்போது, ஏற்கெனவே அலமாரியில் இருக்கும் நூற்றுக்கணக்கான நூல்களின் சீட்டைக் கிழித்து மாற்ற எந்த நூலகத்துக்கும் நேரமோ ஆளோ இருப்பதில்லை. விளைவு: ஒரே பொருள் பற்றிய பழைய நூல் ஒரு எண்ணிலும் புதியது இன்னொரு எண்ணிலும் இருக்கும்.

சுருக்கமாக: அலமாரியில் பொருளுக்கு ஒரு மையம் உண்டு, எல்லை கிடையாது. மையத்தை மட்டும் பார்த்துவிட்டு “இல்லை” என்று முடிவு கட்டக் கூடாது.

பட்டியல் என்ன கேட்கிறது?

சரி, இப்படிச் சிதறிக் கிடப்பதை எப்படித்தான் சேர்ப்பது? அதற்குத்தான் நூற்பட்டியல். நூலகத்தில் என்னென்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று கணினியில் தேடிப் பார்க்கும் தரவுத்தளம் அது. அலமாரியில் ஒரு நூலுக்கு ஒரு இடம்தான் என்று பார்த்தோம். பட்டியலில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஒரே நூலை எத்தனை பொருளின்கீழ் வேண்டுமானாலும் காட்டலாம்.

ஆனால் பெரும்பாலோர் பட்டியலை, இணையத் தேடுபொறியைப் போல, தோன்றிய சொல்லைத் தட்டிப் பார்க்கும் பெட்டியாகப் பயன்படுத்துகிறார்கள். ‘மார்ஃபாலஜி’ என்று தட்டிப் பாருங்கள். தாவரங்களின் வடிவமைப்பு வரும், விலங்குகளின் எலும்பு வரும், நிலவடிவங்கள் வரும், இடையில் எங்கோ உருபனியல் வரும். ‘சின்டாக்ஸ்’ என்றால் நிரலாக்க மொழிகள் வந்து குவியும். ‘டோன்’ என்றால் இசை. ‘லாங்குவேஜ்’ என்று தட்டினால் உடல்மொழி முதல் எல்லாமே வரும், நீங்கள் தேடியதைத் தவிர.

இங்கே ஒரு வழி இருக்கிறது. உங்கள் போனில் குழாய் பழுதுபார்ப்பவரின் எண்ணை எப்படிச் சேமித்திருக்கிறீர்கள்? “பிளம்பர்” என்றா, அவர் பெயரிலா, “குழாய் அண்ணன்” என்றா? வீட்டில் நான்கு பேர் ஒரே போனைப் பயன்படுத்தினால், ஆளுக்கொரு பெயரில் சேமித்தால் யாருக்கும் எதுவும் கிடைக்காது. “இனிமேல் எல்லோரும் பிளம்பர் என்றே போடுவோம்” என்று பேசி வைத்துக்கொண்டால் சிக்கல் தீர்ந்தது. நூலகர்கள் அப்படிப் பேசி வைத்துக்கொண்ட பெயருக்குத்தான் பொருள் தலைப்பு என்று பெயர். நூலின் தலைப்பில் என்ன சொல் இருந்தாலும், ஒரே பொருள் பற்றிய நூல்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பொருள் தலைப்பை இடுவார்கள்.

அந்தப் பெயர் நமக்குத் தோன்றும் பெயராக இருக்காது என்பதுதான் வேடிக்கை. ஆங்கிலப் பட்டியல்களில் பெரும்பாலும் வழங்கும் காங்கிரஸ் நூலகத் தலைப்புகளின்படி தொடரியலுக்குப் பெயர் “கிராமர், கம்பேரட்டிவ் அண்ட் ஜெனரல் — சின்டாக்ஸ்”. ஒலியனியலுக்கும் அதே முன்னொட்டு, பின்னால் ஃபொனாலஜி. இதை யாரும் சும்மா யோசித்துத் தட்ட மாட்டார்கள். ‘சின்டாக்ஸ்’ என்று பொருள் பெட்டியில் தட்டித் தோற்றவர்கள் எத்தனை பேரோ!

அதனால் நான் செய்வது இதுதான். முதலில் தெரிந்த ஒரே ஒரு நல்ல நூலைப் பிடித்துக்கொள்வேன். ஆசிரியர் பரிந்துரைத்ததோ, நண்பர் கையில் பார்த்ததோ, எதுவானாலும் சரி. அதைத் தலைப்பை வைத்துப் பட்டியலில் தேடி, அதன் முழுப் பதிவைத் திறப்பேன். அங்கே, பலரும் கண்ணை ஓட்டாத கீழ்ப்பகுதியில், பொருள் தலைப்புகள் இருக்கும், பெரும்பாலும் சொடுக்கக் கூடியவையாக. அதில் ஒன்றைச் சொடுக்கினால் அதே தலைப்பின்கீழ் உள்ள எல்லாம் வரும். 306.44-இல் இருப்பதும், 410-இல் இருப்பதும், மருத்துவ அலமாரியில் இருப்பதும், மின்னூலாக மட்டும் இருப்பதும் ஒரே திரையில். அவற்றின் அழைப்பு எண்களைக் குறித்துக்கொண்டு பார்த்தால், எந்தெந்த அலமாரிகளுக்குப் போக வேண்டும் என்ற வரைபடம் கையில் வந்துவிடும். பிறகு போய் அந்த இடங்களில் பக்கத்து நூல்களையும் சாவகாசமாகப் பாருங்கள். அலமாரியின் அருமை அங்கேதான் இருக்கிறது, தேடாதது கிடைக்கும்.

ஆசிரியர் பெயரில் தேடும்போது ஒரு சின்ன எச்சரிக்கை. மொழியியலாளர் நோம் சாம்ஸ்கியின் பெயரைத் தட்டினால் அரசியல் நூல்கள் கொத்துக் கொத்தாக வரும். அவர் இரண்டு துறையிலும் எழுதித் தள்ளியவர். பெயரோடு ஒரு பொருள் தலைப்பையும் சேர்த்துத் தேடினால் பிரிந்துவிடும்.

ழகரமும் பட்டியலும்

தமிழில் எழுதிய மொழியியல் நூலை வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டியலில் தேடும்போது இன்னொரு பள்ளம் உண்டு. அங்கே தமிழ்த் தலைப்புகளை ரோமன் எழுத்தில் ஒரு நிலையான முறைப்படி பதிவு செய்கிறார்கள். நாம் வழக்கமாக ழகரத்துக்கு இசட், எச் என்ற இரண்டு எழுத்தைப் போடுவோம். அந்த முறையில் ழ என்பது எல் எழுத்தின் அடியில் ஒரு கோடு. எனவே “மொழியியல்” என்பதை இசட் போட்டுத் தேடினால் ஒன்றுமே வராது. சாதாரண எல் போட்டுப் பாருங்கள், வரும். பட்டியல் மென்பொருள் பெரும்பாலும் அடிக்கோட்டைக் கண்டுகொள்ளாது. தமிழ் எழுத்திலேயே தலைப்பைப் பதிந்திருக்கும் பட்டியல்களும் உண்டு. இரண்டையும் முயன்று பார்ப்பது நல்லது.

தேடுவது நூல்தானா?

ஒரு மாணவர் மேற்கோளில் இருந்த தலைப்பை அப்படியே பட்டியலில் தட்டிவிட்டு, இல்லை என்று வந்து நிற்பார். வாங்கிப் பார்த்தால் அது நூலே இல்லை, நூலில் வந்த ஒரு கட்டுரை.

மொழியியலில் தொகுப்பு நூல்கள் அதிகம். ஒருவர் பதிப்பாசிரியராக இருந்து, பத்திருபது பேர் ஆளுக்கொரு இயல் எழுதுவார்கள். பட்டியல் தொகுப்பின் பெயரைத்தான் அறியும். உள்ளே இருக்கும் இயலின் பெயர் பல பட்டியல்களுக்குத் தெரியாது. மேற்கோளில் கட்டுரைத் தலைப்புக்குப் பிறகு ‘இன்’ என்ற ஆங்கிலச் சொல்லும், ‘எட்ஸ்’ என்ற சுருக்கமும் இருந்தால் அது தொகுப்பில் வந்தது. ‘இன்’ என்பதற்குப் பின்னால் உள்ள தலைப்பைத் தட்டுங்கள். தொகுதி எண்ணும் பக்க எண்ணும் மட்டும் இருந்தால் அது ஆய்விதழில் வந்தது. அதற்கு இதழின் பெயரைத் தேட வேண்டும், அல்லது நூலகம் சந்தா கட்டியிருக்கும் கட்டுரைத் தரவுத்தளத்துக்குப் போக வேண்டும். நூல்களையும் கட்டுரைகளையும் ஒரே பெட்டியில் தேடித் தரும் புதிய அமைப்புகளும் வந்துவிட்டன. அவற்றில் இடப்பக்கம் உள்ள வடிகட்டிகளில் “நூல்” என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஆயிரக்கணக்கில் வந்து திணறடிக்கும்.

தொடக்கநிலையில் இருப்பவருக்குக் கையேடுகள் எனப்படும் தடித்த தொகுப்புகள் ரொம்ப உபயோகம். படிப்பதற்கு மட்டுமல்ல. ஒவ்வொரு இயலின் முடிவிலும் உள்ள நூல்வரிசையே அந்த உட்பிரிவுக்கான தேடல் பட்டியல்.

பட்டியலில் இருக்கிறது, அலமாரியில் இல்லை

சரியான எண்ணோடு சரியான இடத்தில் நிற்கிறீர்கள். புத்தகம் இல்லை. உடனே திருட்டுப் பழி போட வேண்டாம் (நான் போட்டேன், கதை தெரியும்). முதலில் பட்டியலில் “இருப்பிடம்” என்ற வரியைத் திரும்பப் பாருங்கள். பாடநூல்கள் பல, எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்பதற்காகக் கவுன்டருக்குப் பின்னால் தனியாக வைக்கப்பட்டு, சில மணி நேரத்துக்கு மட்டும் தரப்படும். அகராதிகளும் கலைக்களஞ்சியங்களும் குறிப்புதவிப் பகுதியில், வெளியே தரப்படாதவையாக இருக்கும். பெரிய அளவு நூல்களுக்குத் தனி அலமாரி. மொழி வரைபடத் தொகுதிகள் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். ஆய்வேடுகள் வேறிடம். அதிகம் கேட்கப்படாத பழைய நூல்கள் கிடங்கில் இருக்கலாம், சீட்டு எழுதிக் கொடுத்தால் எடுத்துத் தருவார்கள்.

எதுவும் இல்லையென்றால், அதே தட்டில் இரண்டு பக்கமும், மேலும் கீழும் ஒரு தட்டு வரை பாருங்கள். நூல்களுக்குப் பின்னால் விழுந்து கிடக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். திரும்பி வந்த நூல்களை அடுக்கி வைத்திருக்கும் தள்ளுவண்டியையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அதற்கும் பிறகு கவுன்டரில் சொல்லலாம். அவர்கள் தேடுவார்கள், இல்லாவிட்டால் வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தரும் வசதி இருக்கிறதா என்று சொல்வார்கள்.

புரட்டி முடித்த நூலை நீங்களே அலமாரியில் திருப்பி வைக்காதீர்கள். .சி45-ஐ .சி5-க்குப் பின்னால் வைத்துவிட்டால், அடுத்து வருபவருக்கு அது கட்டடத்திலேயே இல்லாத மாதிரிதான். மேசையில் விட்டுவிடுங்கள், அல்லது தள்ளுவண்டியில் வையுங்கள். அந்த உதவியாளர் பார்த்துக்கொள்வார்.